நீல நிறத்தில் உன் பெயர்

இன்று காலை கைபேசியில் உன் பெயர் நீல நிறத்தில் வந்தது, கீழே ஒரு கோட்டோடு. நாம் இருவரும் தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்தோமே, கம்பெனிகளுக்குச் செய்தி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிற அதே பி.ஆர். நிறுவனம் வெளியிட்ட பத்திரிகைச் செய்தி. நீ போய் ஒரு வருடம் ஆகிறதாம். உன் நினைவாக இளம் ஊழியர்களுக்கு விருது கொடுக்கப்போகிறார்களாம். "எங்கள் நிறுவனத்தின் மனசாட்சி" என்று உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பழக்க தோஷம், உன் பெயரின் மேல் விரலை வைத்தேன். அவர்களுடைய விலைப்பட்டியல் திறந்தது. உங்கள் செய்தியை எல்லாத் தளங்களிலும் வெளியிட இன்றே அழையுங்கள் என்றது.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இவர்கள் இடித்த செங்கல்லையும் விலை பேசுகிறார்கள்.

நீ பார்த்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய். கோபம் வந்தால் உனக்குச் சிரிப்புதான் முந்திக்கொள்ளும். நான் வாணியம்பாடியிலிருந்து கன்னடம் பேசும் இந்த ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு செய்தியின் கடைசியில் "மேலும் விவரங்களுக்கு இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதி வைத்திருந்தேன். நீ நாற்காலியைத் திருப்பினாய்.

"இங்கேன்னா எங்கடி?"

"இங்கதான். இந்த லிங்க்ல."

"அது ஒனக்குத் தெரியும். படிக்கிறவனுக்கு? கதவத் தொறந்தா உள்ள சமையலறையா கக்கூஸான்னு வெளியிலயே எழுதி ஒட்டு."

உனக்கும் எனக்கும் ஒரே வயது. என்னைவிடச் சில மாதம் முன்னால் சேர்ந்தவள், அவ்வளவுதான். ஆனாலும் இந்த வாய். எனக்கு எரிச்சலாக வரும். நான் ஒரு செய்திக்குள் இணைப்புகளாக அள்ளித் தெளிப்பேன், எல்லாமே வாடிக்கையாளர் கம்பெனியின் முகப்புப் பக்கத்துக்குப் போகும். நீ ஒன்றொன்றாகப் பிடுங்கிவிட்டு, விஷயம் இருக்கிற பக்கத்துக்கு நேராகப் போகும் ஒன்றை மட்டும் முதல் பத்தியில் நட்டுவைப்பாய். கடைசியில் வைத்தால் என்ன என்று கேட்டதற்கு, "கடைசிப் பத்தி வரைக்கும் படிக்கிறது நீயும் நானும்தான்டி" என்றாய். காக்ஸ் டவுன் பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் தின்ற கையோடு, வெளியான செய்தியை உன் விரிசல் விழுந்த கைபேசியில் திறந்து இணைப்பை அழுத்திப் பார்ப்பாய். திரையெல்லாம் எண்ணெய். சரியான பக்கம் திறந்தால்தான் அடுத்த வாய் உள்ளே போகும்.

அந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம்தான் உனக்கு எமனாக வந்தது. ஒரு மாடலில் மின்கசிவு. குழாயைத் தொட்டால் ஷாக் அடித்தது. அந்த இயந்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்ற செய்தியை நீதான் எழுதினாய். இரண்டாவது வரியிலேயே "உங்கள் இயந்திரத்தின் எண் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள்" என்று இணைப்பு வைத்தாய். நம் வாடிக்கையாளரான அந்த இயந்திரக் கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. அந்த இணைப்பு புது மாடலின் தள்ளுபடி விற்பனைப் பக்கத்துக்குப் போகட்டும், எப்படியும் ஆள் வரப்போகிறது, வருகிறவர்கள் புதிதாக வாங்கட்டுமே என்றார்கள்.

"தொட்டா ஷாக் அடிக்கிற மெஷின் சார். ஜனங்க தேடி வர்றது பட்டியல. நாம கொண்டுபோய்க் கடையில வுடறோம்" என்று நம் மேலாளரிடம் சொன்னாய். நானும் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"கிளையண்ட் கேக்கறதக் குடுத்துட்டுப் போறத வுட்டுட்டு, சும்னே எதுக்கும்மா ஆர்க்யூ பண்றீங்க?" என்றார் அவர், தன் கன்னடம் கலந்த தமிழில். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் இணைப்பை மாற்றி அனுப்பியும்விட்டார்.

செய்தியின் கீழே, நிருபர்கள் தொடர்புகொள்ள உன் எண் இருந்தது. மறுநாள் கூப்பிட்டது நிருபர் இல்லை. ஓசூரிலிருந்து ஒரு பெண். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"எம்மா, நீங்க சொன்ன எடத்துல அமுக்குனா புது மெஷின் வாங்கச் சொல்லுது. எங்க வூட்டு மெஷின் நல்லதா கெட்டதா? புள்ளைங்க தொடுதுங்க."

முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாய். அப்புறம் எண்ணைக் கேட்டு, பட்டியலில் தேடினாய். இருந்தது. போனை வைத்துவிட்டு நீ சிரித்தாய். செய்தி போன அத்தனை பத்திரிகை ஆசிரியர்களுக்கும் உன் பெயரிலேயே எழுதினாய்: நாங்கள் அனுப்பிய இணைப்பு தவறு, சரியான இணைப்பு இது. சிலர் திருத்தினார்கள். பலர் திருத்தவில்லை. "அனுப்பினப்புறம் அது நம்ம கையில இல்லடி" என்று நீயே அடிக்கடி சொல்வாய்.

அந்த வாரமே உன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியேற்றினார்கள். ராஜினாமா என்று அதற்குப் பெயர். அதற்குப் பின் இந்த ஊரில் எந்த பி.ஆர். நிறுவனமும் உன்னைச் சேர்க்கவில்லை. சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கும் அங்கே இருக்கப் பிடிக்காமல் நானும் விலகினேன். எனக்கு வேறு இடம் கிடைத்தது, உனக்குத்தான் கிடைக்கவில்லை. அடுகோடிப் பகுதியில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்தினாய். "இதுல லிங்க் கெடையாது. மண்டபத்துக்கு வழி மட்டும்தான். யாரும் மாத்த மாட்டாங்க" என்றாய். அங்கேயே ஒருநாள் நெஞ்சு வலி வந்து சரிந்தாய். அடக்கத்துக்கு அந்த நிறுவனத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை, ஒரு மாலை வரவில்லை. இப்போது மனசாட்சியாம்.

இன்று சாயங்காலம் தேவாலயத்தில் உன் வருடப் பூசை. முடிந்து மர்பி டவுனில் உங்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உன் அம்மா கைபேசியோடு உட்கார்ந்திருந்தார். யாரோ அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஜெபப் புத்தகம் படிப்பதுபோல எழுத்துக் கூட்டி முழுவதும் படித்திருக்கிறார்.

"நல்லாத்தான் எழுதிருக்காங்க. அவ பேர மட்டும் நீலத்துல போட்டிருக்காங்களே, அதுல அமுக்குனா அவ போட்டோ வரும், அவளப் பத்தி வரும்னு பாத்தேன். என்னென்னமோ வெலையா வருது. நாந்தான் தப்பா அமுக்குறனா?"

நீங்கள் சரியாகத்தான் அழுத்துகிறீர்கள் அம்மா என்றேன். வாசலுக்கு வந்து மேலாளரைக் கூப்பிட்டேன். உன்னைத் துரத்திய அதே ஆள்தான்.

"ரிலீஸ் போயிடுச்சும்மா. எங்க சைட்ல வேணா மாத்தலாம். ஆனா வேற எங்க லிங்க் பண்றது? அவங்களுக்குன்னு ஒரு பேஜ்கூட இல்லியே."

அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். ஊரில் உள்ளவர்களைப் பற்றியெல்லாம் எழுதினாய், ஒன்றிலும் உன் பெயர் இல்லை. உன் பெயர் இருந்த ஒரே கடிதத்துக்காகத்தான் உன்னை வெளியே அனுப்பினார்கள். அந்த இணைப்பை எடுத்துத் தொலையுங்கள் என்று கத்தினேன். எடுத்துவிட்டார். உள்ளே போய் அம்மாவின் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். உன் பெயர் மற்ற எழுத்துகளோடு கறுப்பாகக் கிடந்தது. அம்மா அதன் மேல் விரலை வைத்தார். மறுபடி வைத்தார்.

"இப்ப ஒண்ணுமே வரலியேம்மா?"

"எடுத்துட்டாங்கம்மா."

"அப்ப அவளப் பாக்க எங்க அமுக்கணும்?"

இன்றைக்கும் ஒவ்வொரு செய்தியையும் அனுப்புவதற்கு முன் உன் 'இங்கேன்னா எங்கடி' காதில் விழுகிறது. அதற்கு எப்போதும் ஏதோ ஒரு பதிலை இணைப்பில் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.