நல்லெண்ணெய் குடித்த பிரேக்

தலத்தெரு, காரைக்கால்
மார்கழி 6

அன்பு மகள் எழில்மதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகம், மாடும் கன்றும் சுகம், கிரைண்டர் மட்டும் சுகமில்லை. நீ அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். லீவு முடிந்து உன் சிநேகிதி கவியா ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் பையில் பருப்புப் பொடிக்கு அடியில் இந்தக் கடிதம் வரும். தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி உன்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பாள், எனக்கு ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். உன் சிவப்புக் காருக்கு நீ அனுப்பிய புது பிரேக்குக்கு நான் நல்லெண்ணெய் தடவிவிட்டேன். சும்மா தொட்டு வைக்கவில்லை, துணியை முக்கி முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் மினுமினுவென்று தடவினேன். சிரிக்காதே. பெட்டியைப் பிரித்தால் தோசைக்கல் அகலத்துக்கு இரண்டு இரும்புத் தட்டு, சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக. நம் ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே பொருக்குப் பொருக்காக உதிர்கிறது, புது இரும்புக்கு எண்ணெய் காட்டாமல் வைக்கலாமா? அதோடு, பிரேக் ஆயில் மாத்தணும்மா, பிரேக் ஆயில் மாத்தணும்மா என்று மூன்று மாதமாக ஓதியது யார், நீதானே. அஞ்சாம் வகுப்பு படித்த நான் எந்த ஆயிலைக் கண்டேன், வீட்டில் இருந்ததிலேயே நல்ல எண்ணெயாகப் பார்த்துப் போட்டேன். அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற குட்டிக் கட்டைகள், பேடாமே, அதற்கும் போட்டேன், பெற்றவள் ஓரவஞ்சனை செய்யக் கூடாது பார்.

மெக்கானிக் பீர் மைதீன் அண்ணன் வந்து பெட்டியைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். என்ன தங்கச்சி, பிரேக்குல எள்ளுருண்டை வாசம் வருது என்றார். நான் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிரேக் ஆயிலுங்கிறது குழாய்க்குள்ள ஓடுறதும்மா, தட்டுல எண்ணெய் பட்டா வண்டி எங்க நிக்கும், நேரா கடல்லதான் போயி நிக்கும் என்றார். உங்கப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறவர் போலக் கொல்லைப்பக்கம் போய், சிரித்து முடித்துவிட்டு வந்தார், மாடு மிரண்டு கத்தியதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டை என்னவோ மருந்தடித்துத் துடைத்தாயிற்று. பேடுதான் எண்ணெயைக் குடித்துவிட்டதாம், இனி பிழிந்தாலும் வராதாம். சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வேறு பேடு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் சாம்பாருக்குத் தாளிக்கும்போதெல்லாம், பிரேக்குக்கு மிச்சம் வச்சிருக்கியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் உங்கப்பா.

எனக்கு அதில் வருத்தமில்லை, வேறொன்றில்தான் வருத்தம். தை பிறந்து நீ திருச்சியில் இறங்கும்போது உன் காரை நானே ஓட்டிக்கொண்டு வந்து நிற்பேன் என்று சொன்னேன் அல்லவா, போன லீவில் உன்னிடம் திட்டு வாங்கி ஓட்டக் கற்றதும் லைசென்ஸ் எடுத்ததும் அதற்குத்தானே. ஆனால் கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிக்குப் பின்னால் பிரேக்கை மிதிக்க மிதிக்க மெத்தை மாதிரி உள்ளே போய், ஒரு முழம் இருக்கும்போது நின்றதே, அன்றிலிருந்து உங்கப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. நீயும் அதற்குப் பயந்துதான் இதையெல்லாம் அனுப்பினாய், தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் பறப்பதற்கென்றே செய்த வண்டி, நிறுத்துவதைப் பற்றிச் செய்தவன் அவ்வளவாக யோசிக்கவில்லை போலிருக்கிறது, உன்னைப் பெற்றபோது நானும் அப்படித்தான். பிரேக்கு புடிக்கிறத என் கண்ணால பாக்கணும், இல்லன்னா வாடகைக் காருதான், நீ பின்னாடி உக்காந்து வா என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு வருஷம் கழித்து வருகிற பிள்ளையை எவனோ ஓட்டுகிற வண்டியில் பின்சீட்டில் சாய்ந்துகொண்டா போய் அழைப்பது?

நேற்று எல்லாம் மாட்டியாயிற்று. குழாயில் காற்று எடுக்க வேண்டும் என்று உங்கப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, கீழே படுத்துக்கொண்டு அண்ணன் மிதிங்க, பிடிங்க, விடுங்க என்றார். இவரும் மிதித்தார், பிடித்தார், விட்டார். ஒரு மணி நேரம்! இருபத்தேழு வருஷத்தில் நான் சொல்லி ஒன்று கேட்டிருப்பாரா? இனி நானும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் சொல்லப் போகிறேன். மாட்டினால் மட்டும் போதாதாம், பிரேக்கைப் பழக்க வேண்டுமாம். அறுபதில் போய்ப் பத்துக்கு இறக்கி, நிற்காமல் மறுபடி அறுபது, இப்படிப் பத்துத் தடவை, பிறகு ஆறவிட வேண்டும், அதற்கப்புறம்தான் முழுசாக மிதிக்கலாம். இதை எனக்கு எப்படிப் புரியவைப்பது என்று அண்ணன் திணறினார். புதுக் கல்லுல முதல் நாலு தோசை நமக்கில்ல, அதானே என்றேன். அதேதான் தங்கச்சி, ஆனா எண்ணெய் மட்டும் வேணாம் என்றார். நாளை விடிந்ததும் பூவம் ரோட்டில் பழக்கப் போகிறோம், ஓட்டப் போவது நான், பார்க்கப் போவது உங்கப்பா. கிரைண்டர் படுத்துவிட்டதால், பூவத்தில் உன் சித்தி சுகிர்தா அரைத்து வைத்திருக்கிற இட்லி மாவையும் அப்படியே வாங்கி வர வேண்டும்.

ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் சைக்கிள் பிரேக்கைப் பார்த்துக்கொள், எண்ணெய் போடாதே, அனுபவப்பட்டவள் சொல்கிறேன். ஓட வேண்டிய இடத்தில் ஓடவும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் அம்மையார் உனக்குத் துணையிருக்கட்டும், நூறு வயசு நன்றாக இரு. மறக்காமல் பிளேன் இறங்குகிற நேரத்தை எனக்குச் சொல், உங்கப்பாவுக்குச் சொல்லாதே, வாடகைக் காருக்குப் போன் போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
உன் காரின் இப்போதைய டிரைவர்,
அம்மா அல்லி

மறுநாள் காலை எழுதுவது: பத்துத் தடவையும் பழக்கி ஆறவிட்டோம். சித்தி வீட்டில் மாவு வாங்கினோம். மாவுத் தூக்கைக் கீழே வைக்கச் சொன்னேன், உங்கப்பா மடியில்தான் வைப்பேன் என்றார். வாய்க்கால் மதகடியில் வாத்துக் கூட்டம் ஒன்று சாலையில் ஏறியது. நான் மிதித்தேன். கார் நின்றது. பெல்ட் போட்டிருந்ததால் உங்கப்பாவும் நின்றார். மாவுக்குப் பெல்ட் இல்லை. வாத்துகள் எல்லாம் போன பிறகு உங்கப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திருச்சிக்கு நீயே ஓட்டு என்றார். காலையில் உப்புமா செய்தேன்.