வளைவில் பதினோரு கட்டைகள்

புதுச்சேரி,
9.8.1979

அன்புள்ள சுலோசனாவுக்கு,

நான் இங்கே சுகம். அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

ஸ்டேஷனுக்கு முன்னால் உள்ள வளைவில், போன மழையில்தான் தண்டவாளத்துக்கு அடியில் புது மரக்கட்டைகள் போட்டோம். கட்டையை நிழலில் காயவைத்து, முனை வெடிக்காமல் இரும்புப் பட்டை அடித்து, அப்புறம்தான் தார் பூச வேண்டும். "நாளைக்கு ஆபீசர் வர்றாரு, கருப்பா தெரிஞ்சா போதும், பூசு" என்றார் மேஸ்திரி ராஜாங்கம். ஈரக் கட்டைமேலேயே பூசினோம். நானும்தான் பூசினேன். வந்தவர் வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அடைபட்ட ஈரம் சும்மா இருக்குமா? நேற்று சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். பதினோரு கட்டை காலிப் பெட்டி போலச் சத்தம் கொடுத்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். "மேல தார் இருக்குதுல்ல, கம்முனு இரு" என்றார். நீ கவலைப்படாதே, வண்டி அங்கே மெதுவாகத்தான் வரும்.

அப்பாவைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரும்போது விழுப்புரத்திலிருந்து பஸ்ஸிலேயே வா. பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும், அதற்காகத்தான் சொல்கிறேன். என் போர்வையை எடுத்து வா. பேச்சுக்கு ஆளில்லை, இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ.

காலை வண்டி ஊதுகிறது. அது வளைவைத் தாண்டியதும் இதைத் தபாலில் போடுகிறேன்.

தணிகாசலம்