கறுப்பு எலிகளுக்கு ஒரு ஜெபமாலை

17-6-96, திங்கள்

இன்று தாரணி எலிகளுக்கு ரத்தம் எடுத்தாள். ஒவ்வொன்றையும் திரும்பக்கூட முடியாத குழாயில் கால் மணி நேரம் அடைத்துவைத்து, பிறகு வாலிலிருந்து இரண்டு சொட்டு. பயந்தால் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறுமாம். அதை அளப்பதுதான் அவளுடைய பிஎச்.டி. வெள்ளை எலிகளுக்கு எக்கச்சக்கமாக ஏறுகிறது, கறுப்புக்குக் கொஞ்சம்தான். ஒரே அறை, ஒரே உமி, ஒரே தீனி, பார்த்துக்கொள்வதும் நான் ஒருத்தி. பின் ஏன்?

“ஜீன், ஆன்ட்டி. பரம்பரை.”

அப்படியானால் நானும் அண்ணனும்? மதலைமுத்து அண்ணன் பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவார். நான் துடைப்பத்தை எடுப்பேன். ஒரே தாய் தகப்பன்தானே! கேட்டேன், சிரித்தாள். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

20-6, வியாழன்

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபமாலை. பத்துப் பத்தாக ஐந்து தடவை, கறுப்புக் கூண்டும் ஐந்து, கூண்டுக்கு ஒரு பத்து. இடது கை கூண்டுக்குள், வலது கையில் மணி. வந்த புதிதில் கறுப்பு கடித்த கடிக்கு நானே கண்டுபிடித்த வைத்தியம். இப்போது கைமேல் உட்கார்ந்து மீசை துடைக்கின்றன. வெள்ளைகள் சாது, கடிக்கவே தெரியாது. அவற்றுக்கு எதற்கு?

9-7, செவ்வாய்

தாரணி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். ஆறு மாத வேலை முடிந்தது. அவளுக்கு வழிகாட்டும் நஞ்சுண்டசாமி சார், “எழுத ஆரம்பி” என்றாராம். டிசம்பரோடு அவள் உதவித்தொகை நிற்கிறது. அதற்குள் முடித்துவிடலாம்.

10-7

கூண்டு மாற்றும்போது கையை விட்டேன். வெள்ளை மூலைக்கு ஓடிப் புழுக்கை போட்டது. கறுப்பு என் ரவிக்கைக் கைவரை ஏறி வந்தது.

ஒரே மாதிரியா பார்த்துக்கொள்கிறேன் நான்?

11-7

மாதாவே, சொல்லட்டுமா வேண்டாமா? சொன்னா அந்தப் பொண்ணோட ஆறு மாசம் போச்சு. என் வேலையும் போகும் — தினக்கூலிக்காரிக்கு நோட்டீஸ் எதுக்கு? சொல்லாட்டி, பரம்பரைன்னே அச்சுல ஏறிடும். பரம்பரையா, என் கையான்னு யாருக்குமே தெரியாது. எனக்கே தெரியாதே! அதுதான் தாங்கலை.

12-7, வெள்ளி

சொல்லிவிட்டேன். தாரணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். “தினமும் எத்தனை நிமிஷம் ஆன்ட்டி?” என்றாள்.

சார்தான் கன்னடத்தில் கத்தினார். “யாரு ஹேளித்ரு நிமகே?” யார் சொல்லி இப்படிச் செய்தேனாம்? கடித்த எலிதான் சொன்னது.

“மறுபடி செய்யறேன் சார். புதுக் குட்டிங்க, பத்துக் கூண்டு, எல்லாத்துலயும் ஆன்ட்டி கை வைக்கட்டும்.”

“டிசம்பருக்கு மேல சாப்பாட்டுக்கு?”

“விஜயநகர்ல அப்பா வீடு இருக்கே சார்.”

போகும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இந்தம்மா விஷயம் அப்புறம் பார்க்கலாம்.” அந்த ‘அப்புறம்’ எப்போது?

19-8, திங்கள்

தாரணி ஸ்டாப்வாட்ச் கொண்டுவந்தாள். மூன்று நிமிடம் ஆனதும் கீச்சென்று கத்தியது, வெள்ளைகள் துள்ளி விழுந்தன. வாட்ச் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது. பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சரியாக மூன்று நிமிடம். இத்தனை வருடம் சொல்லியும் நான் அளந்ததில்லை. இனி பத்துக் கூண்டுக்கும் தினமும் இரண்டு ஜெபமாலை. மாதாவுக்கு லாபம்.

2-9

வெள்ளை ஒன்று விரலை முகர்ந்துவிட்டு ஓடியது. ஆனால் முகர்ந்தது!

24-10, வியாழன்

மூன்று நாள் காய்ச்சல். இன்று கதவருகே வரும்போதே உள்ளே தாரணியின் குரல், ஜெபம் சொல்கிறது. நெற்றியில் குங்குமம், கூண்டுக்குள் கை.

“வாட்ச் கத்துதே ஆன்ட்டி. உங்க ஜெபம் எனக்குப் பாதிதான் தெரியும். அதனால ஒரு கூண்டுக்கு இருபது தடவை.”

சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகு உமி மூட்டைப் பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன்.

22-11, வெள்ளி

கணக்கு வந்துவிட்டது. வெள்ளைக்கு முன்பு ஏறியதில் பாதிதான் ஏறியிருக்கிறது. ஆனாலும் கறுப்பைவிட அதிகம், சந்தேகமில்லாமல் அதிகம். பரம்பரையும் உண்டு, என் கையும் உண்டு. தாரணி ஆய்வேட்டை மார்ச்சில்தான் கொடுப்பாள். முகத்தில் வருத்தமே இல்லை.

“உங்க அண்ணன் விஷயம் மட்டும் இன்னும் தெரியலை ஆன்ட்டி” என்றாள். ஜூனில் கேட்டதை மறக்கவில்லை!

சாயங்காலம் சார் எலி அறைக்கே வந்தார். ‘அப்புறம்’ வந்துவிட்டது. என் ரத்தத்தை எடுத்திருந்தால் வெள்ளை எலி தோற்றிருக்கும். மேசைமேல் ஒரு நீள நோட்டை வைத்தார். அட்டையில் என் பெயர், ‘ஐவி, எலி அறை’ என்று எழுதியிருந்தது.

“எலிங்களுக்கு என்னென்ன செய்யறீங்களோ தினமும் எழுதுங்க. ஒண்ணும் விடாதீங்க. இனிமே வர்றவங்களுக்கும் வேணும்.”

முதல் பக்கத்தில் ஜெபமாலையை எழுதினேன். இரண்டாம் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல் ஞாயிறுதோறும் கொடுக்கிற கொத்துமல்லித்தழை. ஆகஸ்டிலிருந்து இரண்டு நிறத்துக்கும் ஒரே அளவு. அதற்கு முன் கறுப்புக்கு ஒரு கொத்து கூடுதல். அதையும் எழுதினேன்.