குறைமாதப் பிள்ளை

தொண்டைமானாறு
4.12.1967

அன்பின் அத்தான்,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் தடிமனும் தும்மலும் மாறிவிட்டனவா? திருகோணமலையிலிருந்து பிள்ளையைப் பார்க்க ஓடி வந்த உங்களை யன்னலுக்கு வெளியே நிற்கவைத்து அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் சோறு இறங்குதில்லை. குறைமாதப் பிள்ளை, சளி பிடித்தால் நெஞ்சில் இறங்கிவிடும், தும்முகிறவர்களைக் கிட்ட விடாதே என்று மருத்துவிச்சி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. நானும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித்தான் அவனைத் தொடுகிறேன். மூக்கு உங்களுடையதேதான். மல்லித் தண்ணி அவித்துக் குடியுங்கள். நன்றாக நித்திரை கொள்ளுங்கள்.

உங்கள் மலர்

திருகோணமலை
9.12.1967

அன்புள்ள மலர்,

தடிமன் விட்டுவிட்டது. இழுவைப் படகில் எல்லோரும் ஒரே பேணியில்தான் தேத்தண்ணி குடிப்போம். இப்போது எனக்கென்று தனிப் பேணி. தும்மல் வந்தால் லேஞ்சியால் மூக்கைப் பொத்துகிறேன். சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நீ செய்தது சரி. அவன் கொட்டாவி விட்டதையாவது பார்த்தேனே. அடுத்த லீவில் வந்து ஆசை தீரத் தூக்குவேன். கமலாவதி அக்கா உங்களைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறா.

மார்க்கண்டு

தொண்டைமானாறு
23.12.1967

அத்தான்,

தந்தி அடித்தோம். உங்கள் படகு வெளிக்கடலில் நிற்பதாகப் பதில் வந்தது. காத்திருக்க முடியாமல் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டோம்.

உங்கள் அக்கா இருமிக்கொண்டுதான் வந்தா. தூக்கவேண்டாம் மச்சாள் என்று கெஞ்சினேன். "மருமோனைத் தூக்க மாமிக்கும் தடையோ? உன்ரை சட்டமெல்லாம் உன்ரை புருசனோடை வைச்சுக்கொள்," என்று சொல்லி அவனை வாரிக் கொஞ்சினா. பிறகு அவனுக்கு மூக்கடைத்தது. பால் இழுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

இப்போது உங்கள் அக்கா துக்கம் கேட்க வருகிறவர்களிடம், தகப்பனைத் தொடவிடாத பாவம் என்று சொல்கிறா. நீங்களும் அப்படி நினைத்தால் எழுதிவிடுங்கள்.

மலர்

திருகோணமலை
27.12.1967

என் மலர்,

இன்று கரைக்கு வந்தபோது தந்தியும் உன் கடிதமும் அக்காவின் கடிதமும் ஒன்றாகக் கிடந்தன. அக்காவுக்கு உடனே எழுதினேன்: "மலர் சொன்னதை நான் கேட்டு நடந்தனான். நீங்களும் கேட்டிருக்கலாம். இனி அவளை ஒரு சொல்லும் சொல்லவேண்டாம்." அவவும் ஆசையில்தான் தூக்கியிருப்பா. என் சொந்தத்துக்கு நான்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நீ தனியாக நின்றுவிட்டாய்.

என் இடத்துக்கு ஆள் வந்ததும் புறப்படுகிறேன். பிள்ளைபெற்ற துடக்குக் கழிவன்று வைக்க ஒரு பெயர் நினைத்திருந்தேன். கதிரவேல். அவனை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, மலர். நான் வரும்வரை நீ கூப்பிட்டுக்கொண்டிரு.

உன் மார்க்கண்டு