ஓட முடிந்தவள்

நேற்று பண்டாரவளையில் பேரனுக்கு ஒரு டென்னிஸ் பந்து வாங்கினேன். உறையைப் பிரித்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். செத்த பிறகும் கூப்பிடாமல் வந்து நிற்கும் பழக்கம் உனக்குப் போகவில்லை.

அந்தப் பஞ்ச காலம் உனக்கு மறந்திருக்காது. பசறைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூடத்து உதவி டீச்சர். நீ பிள்ளைக்காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். ரேஷன் கூப்பனுக்கு மாவும் ஒழுங்காகக் கிடைக்காத நாட்கள். மலையில் வேலையும் குறைந்திருந்தது. மரவள்ளிக் கிழங்கு அவித்த வீட்டு வாசலில் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் சும்மா வந்து நிற்பார்கள். அப்போது பார்த்து, பதுளையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு எல்லே போட்டி என்று தகவல் வந்தது. மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தார் பந்தால் எறிந்து வீழ்த்துமுன் சுற்றி ஓடி வரவேண்டிய ஆட்டம்.

"சோத்துக்கே வழியக் காணோம், ஆட்டம் கேக்குதா ஒனக்கு?" என்றேன்.

"சோத்துக்குத்தான்டி ஆட்டமே" என்றாய்.

பசறையில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானாவிடம் போய், விளையாடும் பிள்ளைகளுக்கென்று குரக்கன் மாவும் கொஞ்சம் அரிசியும் கேட்டு வாங்கி வந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரட்டுக்களத்தில் செலக்‌ஷன் வைத்தோம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் அதே இடம். செலக்‌ஷன் முடிந்ததும் வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் பிள்ளைக்காம்பரா அடுப்பில் காய்ச்சிய கஞ்சி. தடியைத் தலைகீழாய்ப் பிடித்தவளும் வந்தாள், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்பவளும் வந்தாள். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும். அதைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகும். "டீம் எப்ப டீச்சரம்மா?" என்று கங்காணி என்னைக் கேட்பார். நீ முந்திக்கொண்டு, "இன்னும் ஒருத்தியப் பாக்கணுங்க" என்பாய். செலக்‌ஷன் முடியாத வரை எல்லாருக்கும் கஞ்சி என்பதால், வாரா வாரம் அந்த இன்னும் ஒருத்தி இருந்தாள். நமுட்டுச் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு நானா கையை விரித்தார். பாவம், அவர் கடைத் தட்டுகளும் வெறுமையாகத்தான் கிடந்தன. "தங்கச்சி, எனக்கே சாமான் வருதில்ல. ஒரு டீமுக்குண்டா எப்பிடியும் பாக்கலாம். தோட்டத்துக்கே குடுக்க எனக்கு ஏலாது" என்றார். இனி டீமுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும்தான் தினமும் கஞ்சி. யாருக்குக் கஞ்சி, யாருக்கு இல்லை என்று நாம் இருவரும் சொல்லியாக வேண்டும்.

ஆட்டம் தெரிந்தவர்களை எடுப்போம் என்றேன் நான். எனக்குப் பதுளையில் ஜெயிக்க வேண்டுமென்ற ஆசை. நீ ஒப்பவில்லை. ஓடிவிட்டு உட்கார்ந்துவிடுபவள், கால் நடுங்குபவள், தடியைத் தூக்கவே முடியாதவள் என்று விரல் மடக்கிக்கொண்டே போனாய்.

"ஓட முடிஞ்சவ தாங்குவாடி. முடியாதவளத்தான் பாக்கணும்."

"அப்ப பதுளைக்குப் போயித் தோக்கவா?"

"தோத்தா செத்தா போயிருவோம்?"

ராக்குவை ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது கேலிக்கூத்து. மேட்டு லயத்துப் பிள்ளை. கடைசிச் செலக்‌ஷன் அன்றைக்கு அவள் அடித்த பந்து களத்தைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நான் எழுந்து நின்று கை தட்டினேன். நீ பேர் வாசித்து முடித்தாய். அதில் அவள் பேர் இல்லை. மற்றப் பிள்ளைகள் கலைந்து, பேர் வந்தவர்கள் கஞ்சி வரிசைக்குப் போனபின் அவள் உன்னிடம் வந்தாள்.

"நான் நல்லாத்தானே ஓடுனேன் அக்கா?"

"நல்லா ஓடுன தாயி. நீ கெட்டிக்காரி. அடுத்த தடவ பாப்போம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கஞ்சி வாங்க வரிசையில் நின்றவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதம் முடியுமுன் வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். டிஸ்பென்சரிக்காரர், உடம்பில் ஒன்றுமே இல்லையே, எப்படித் தாங்கும் என்றாராம். நாம் போனபோது அவள் அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குறை சொல்லவில்லை. நம்மை ஆறுதல்படுத்துவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னாள்.

"ஒங்க மேல உசுரா இருந்துச்சும்மா. நல்லா ஓடுனா எடுப்பாங்க, எடுத்தா தெனமும் கஞ்சி குடுப்பாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். வெறும் தேயிலைச் சாயத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் அன்னிக்கு ஓடுச்சு."

பதுளைக்கு நாம் போகவில்லை. தடிகளை நீ அடுப்பில் வைத்தாய். கிடைத்த மாவில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, வந்த எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்தாய். எத்தனையோ வருஷம் அடுத்தடுத்துக் குடியிருந்தோம், ராக்கு பேரை நீ எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லையடி. கோபப்பட வேண்டுமென்றால் நமக்கு மேலே எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. நீ உயிரோடு இருக்கும்போதே இதை நான் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தால் வாய் எழாது.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளுக்கு இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய் முன் நாற்காலியில் உட்காருகிறேன். முதலாவதாக ஓடி வரும் பிள்ளைக்கு எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்குக் கை எழும்புவதில்லை. எழுந்து அந்தப் பிள்ளையின் கிட்டப் போய், "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்கிறேன்.