பம்புக்கு வைத்த கயிறு

கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டும் தேய்த்தேன், டீசல் வாசனை போகவில்லை. அதோடு விளக்கெண்ணெய் வாசனையும் கலந்து கிடக்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்கிட்டே கொண்டுபோனதும் அந்த வாசனை வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து. உயிரோடு இருந்தபோதும் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிப்பாய். இப்போதும் சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். நம் கழனிப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய் மோட்டார் நின்றுவிட்டது. நெல் பால் பிடிக்கிற நேரம். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மகன் போன் பண்ணி, "ஆள் அனுப்புறேம்மா, நீ எதையும் தொடாத" என்றான். அவன் ஆள் வருகிற வரைக்கும் பயிர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்குமா? கொட்டகையில் சாக்கு போர்த்தியிருந்த பழைய டீசல் எஞ்சினை எழுப்பினேன். அமாவாசைக்கு அமாவாசை ஓடவிட்டு வைத்திருப்பதால் அதற்கு உயிர் இருக்கிறது. ஹேண்டில் சுற்றியவள் உன் மகள். லீவுக்கு வந்தவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன்னைப் போலவே பல்லைக் கடித்துச் சுற்றினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பம்புதான் பிடிக்கவில்லை. ஷாப்ட் உள்ளே நுழைகிற இடத்தில் தண்ணீர் விசிறியடித்தது. "போச்சு பெரிம்மா" என்றாள் உன் மகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே பம்பு, அதே ஓட்டை.

உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நான் மூத்தவருக்கு, கூரம் கிராமத்திலிருந்து வந்த நீ இளையவருக்கு. அண்ணன் தம்பி இருவரும் லாரியில் லோடு ஏற்றப் போனால் திரும்ப நாளாகும். நீயும் நானும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கார வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டும், அறுந்த பாவு இழையைப் பிணைத்துக்கொண்டும் இருந்தோம். நம் ஜனங்கள் அதுவரைக்கும் அடுத்தவர் கழனியில் குனிந்து எழுந்தவர்கள்தானே தவிர, வரப்பின் மேல் நின்று இது எங்கள் பயிர் என்று சொன்னவர்கள் இல்லை.

திருப்பருத்திக்குன்றத்து நயினார் வீட்டம்மாவிடம் போய்க் குத்தகை கேட்கலாம் என்று சொன்னவள் நீதான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், நீ உள்ளே போய்க் கேட்டாய். அந்த அம்மா நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஒரு போகம் பாக்கலாம். சரியா வந்துதுன்னா மேல பேசலாம்" என்றார். அப்புறம் ஒரு நிபந்தனை சொன்னார். அவர்கள் ஜைனர்கள், வாயில்லா ஜீவன் எதையும் வதைக்காதவர்கள். கழனிக் கிணற்றுத் தண்ணீரைத்தான் வீட்டில் குடித்தார்கள். அதனால் பம்பில் தோல் வாஷரும் போடக்கூடாது, ஒழுகாமல் இருக்க ஷாப்டைச் சுற்றி அடைக்கிற இடத்தில் கொழுப்பு தடவிய கயிறும் வைக்கக்கூடாது. மெக்கானிக் பாய் அந்த எஞ்சினுக்கென்று கொழுப்பு படாத கயிறு தனியாக வைத்திருந்தார்.

தெருவில் என்ன பேசினார்கள் என்பதும் உனக்குத் தெரியும். "கூலிக்குப் போனதுங்க கழனி பண்ணுதாம். கருக்காயத்தான், வெறும் பதரத்தான் அறுக்கப் போவுதுங்க." நீ குடத்தை இடுப்பில் மாற்றிவைத்துக்கொண்டு, "அறுத்த பொறவு வா, புது நெல்லு கஞ்சி ஊத்துறேன், குடிச்சிட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

பங்குனி பிறந்து, பயிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து பம்பு ஒழுக ஆரம்பித்தது. ஒழுகுகிற வழியாகக் காற்று உள்ளே போய், குழாயில் தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருந்தது. நீ ஒலிமுகமதுபேட்டைக்கு ஓடினாய். பாய் தங்கை கல்யாணத்துக்கு ஆற்காடு போயிருந்தார், கடையில் பூட்டு தொங்கியது. வேறு மெக்கானிக்குகளிடம் கொழுப்புக் கயிறுதான் இருந்தது. திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தாய். விரலில் பால் ஒட்டவில்லை. "பாய் பிரிச்சத நாம பாத்தோம் இல்ல யக்கா? நாமளே பிரிக்கலாம்" என்றாய்.

"பிரிக்கலாம். பூட்டத் தெரியுமா?"

"பூட்டத் தெரியலன்னா பிரிச்ச மாதிரியே இருக்கட்டும். இப்ப மட்டும் இன்னா, ஓடிக்கினா இருக்குது?"

ஷாப்டைச் சுற்றிய கயிற்றை அழுத்திப் பிடிக்கிற கிளாண்டைக் கழற்றினோம். உள்ளே இருந்த கயிறு நைந்து கரியாக வந்தது. அந்த இடத்தில் வைக்க என்ன இருக்கிறது நம்மிடம்? தறி வீட்டில் கொடுத்த கழிவுப் பட்டு, தலை வாரி உதிர்ந்த முடி மாதிரி ஒரு பை நிறைய இருந்தது. "தோலும் இல்ல, கொழுப்பும் இல்ல. சாமிக்குச் சாத்துறது. இத விடச் சுத்தம் எது யக்கா?" என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. முறுக்கிப் பின்னி, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, கை பழகிய பழக்கத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றுவது போல ஒரே நீளமாக ஷாப்டைச் சுற்றி இறுக்கினோம். எஞ்சின் ஓடியது. ஷாப்ட் ஓரமாகத் தண்ணீர் முன்னைவிட அழகாக, திருகித் திருகி வெளியே வந்தது.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். "தண்ணி நூலப் புடிச்சிக்கினே நடந்து வருதுக்கா. நாமதான் பாத போட்டுக் குடுத்திருக்குறோம். பாதய அறுத்துடணும்."

பட்டு இழையை அறுப்பதா? இழை அறுந்தால் பிணைக்கிற கை நம்முடையது. நல்ல இழையை வேண்டுமென்றே அறுத்தால் தறி வீட்டில் சோறு போடமாட்டார்கள். "நீயே அறு, என் கை வராது" என்றேன். "என் கை மட்டும் வருமா? கண்ண மூடிக்கோ" என்று சொல்லி அரிவாளை எடுத்தாய். துண்டு துண்டாக வளையம் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். ஒரு வளையத்தின் முனை சேர்கிற வாய் மேலே என்றால் அடுத்ததன் வாய் கீழே. ஓடவிட்டதும் ஒழுக்கு நின்றது. நான் ஆசையில் இன்னும் இறுக்கினேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் முடி கருகிய நாற்றம். நீ ஓடிவந்து நட்டைத் தளர்த்தினாய். ஒரு சொட்டு விழுந்தது, நின்று, இன்னொன்று விழுந்தது. "இது போதும். தொண்ட காஞ்சா பாட்டு வராது யக்கா" என்றாய். அந்தச் சொட்டோடு எஞ்சின் ஒழுங்காகப் பாடியது. வாய்க்காலில் தண்ணீர் போனபோது நீயும் நானும் அதன் கூடவே கடைசி மடை வரைக்கும் நடந்தோம். கல்யாணத்தில்கூட நான் அப்படி நிமிர்ந்து நடந்தது கிடையாது.

எஞ்சின் சத்தம் கேட்டு நயினார் வீட்டம்மா வந்துவிட்டார். முகத்தில் சந்தோஷம். "பாய் வந்துட்டாரா?"

"இல்லம்மா, நாங்களே பண்ணோம்."

"அட. இன்னா வச்சி அடைச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "பட்டும்மா. நல்ல பட்டு."

அந்த அம்மா முகம் மாறியது. எஞ்சினைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். "புழுவ உசுரோட கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்குற நூலும்மா அது. அதனாலதான் நான் கட்டுறதில்ல" என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

அவர் எந்நேரமும் பருத்திப் புடவைதான் கட்டுவார். "காஞ்சிபுரத்துல இருந்துக்கினு பொட்டியில ஒரு பட்டு இல்ல பாரு, காசப் பூட்டி வெச்சிக்கினே போவப்போவுது" என்று நீ கேலி பண்ணுவாய், நான் வாய்பொத்திச் சிரிப்பேன். காலமெல்லாம் பட்டில் புழங்கினோம். ஆனால் நம் கைக்கு அது நூலாகத்தான் வந்தது, எங்கேயோ இருந்து லாரியில். அந்தப் புழுவை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை.

கழனி போச்சு என்று நினைத்தேன். "நூலுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமேடி. பட்டும் நூலுதானே?" என்று உன்மேல் பாய்ந்தேன்.

நீ மண்வெட்டியைக் கீழே வைத்தாய். "அவங்க குடிக்கிற தண்ணி யக்கா அது."

"அதுக்கு? அடுத்த போகம் வேணாமா நமக்கு?"

"வேணும். அவங்க கேட்டாங்க, இருக்கறதச் சொன்னேன். தெரியாமப் பண்ணது வேற, தெரிஞ்சிக்கினு மறைக்கிறது வேற. கடைசி மடை பாயட்டும், நிறுத்திட்டு மாத்திடலாம் வா."

அப்படியே செய்தோம். தறியில் கழித்துப்போட்ட விழுதுக் கயிறு, கெட்டிப் பருத்தி, வீட்டில் கிடந்தது. அதைப் பின்னினோம். இந்தத் தடவை அறுக்க யாருக்கும் கை கூசவில்லை. வளையம் மாற்றி வளையம் வைத்து, ஒரு சொட்டு விழுகிற அளவுக்கு இறுக்கி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பிடுங்கிய பட்டு நூலை வாழை இலையில் மடித்துக்கொண்டு அந்த அம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எடுத்துட்டோம்மா. இப்ப பருத்தி வச்சிருக்குறோம்" என்றாய்.

இலையைப் பிரித்துப் பார்த்தார். "மண்ணுல பொதச்சிடுங்க" என்றார். நாம் திரும்பிப் படி இறங்கிவிட்டோம். நான் அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, சொர்ணவாரிக்கு நாத்தங்கால் எங்க விடப்போறீங்க? கிணத்தோரம் விட்டா நல்லது."

சொர்ணவாரி என்றால் அடுத்த போகம். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உனக்கு உடனே புரிந்துவிட்டது. "கிணத்தோரமே விடுறோம்மா" என்று சொல்லிவிட்டு என் கையை நசுங்குகிற மாதிரி பிடித்தாய்.

ஆற்காட்டிலிருந்து வந்த பாய் கிளாண்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பம்புக்கு ஜடை பின்னி உட்டிருக்கீங்க? பூ மட்டும்தான் வெக்கல" என்றார். "அடுத்த தரம் வெக்கிறோம் பாய்" என்றாய் நீ. அவர் அதைக் கழற்றவில்லை. நன்றாக இருக்கும்போது தொடுவானேன் என்று அப்படியே மூடிவிட்டுப் போனார். புது நெல் கஞ்சியையும் நீ சொன்னபடி ஊற்றினாய். தெருவில் பேசியவர்கள் எல்லாரும் வந்து குடித்தார்கள்.

பல போகம் கழித்து அந்தக் கழனியையே அந்த அம்மா நமக்குக் கொடுத்தார். கேட்டு வந்தவர்கள் நிறைய இருந்தும் நமக்குத்தான் கொடுத்தார். பத்திரத்தில் உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. எஞ்சினையும் விட்டுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நாளிலும் நீ என்னைக் கேட்டது, "எஞ்சின ஓடவுட்டியா?" என்றுதான்.

இன்று காலையில் உன் மகள் டவுனுக்குப் போய்க் கடையில் கயிறு வாங்கி வந்தாள். பிரித்து மோந்து பார்த்தேன், கொழுப்பு. "நயினார் வீட்டம்மாவுக்கு இது ஆகாது, அந்தப் பக்கம் வை" என்றேன்.

"யாரு பெரிம்மா கேக்கப்போறாங்க? அந்தம்மாவும் இல்ல, இந்தத் தண்ணிய இப்ப யாரும் குடிக்கறதும் இல்ல."

உன் பழைய பருத்திக் கயிற்றுச் சுருளைப் பரணிலிருந்து இறக்கி விளக்கெண்ணெயில் போட்டேன். அரிவாளால் அறுத்தேன். வளையம் மாற்றி வளையம் வைத்தேன். கண்தான் கொஞ்சம் மங்கல், கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தண்ணீர் வந்தது. என் மகன் அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தபோது கடைசி மடையும் பாய்ந்துகொண்டிருந்தது. அவர் கொஞ்சநேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்று, டீ குடித்துவிட்டுப் போனார்.

உன் மகள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "இன்னும் ஒரு சொட்டு வருதே, இறுக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். ஏன் என்று கேட்டாள். பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், நீ பட்டு என்று சொன்னது வரைக்கும், வாசலில் போய் நின்றது வரைக்கும். கேட்டு முடித்ததும் அந்தக் கடைக் கயிற்றை எடுத்துப் பையில் போட்டு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள்.

யார் கேட்கப்போகிறார்கள் என்று அவள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீ கேட்பாய். நான் அங்கே வந்ததும் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், இன்னா யக்கா வச்சி அடைச்ச என்றுதான் கேட்பாய்.

பருத்திதான்மா வச்சேன்.