நடு ஆற்றுப் பாறை

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன். உன் அம்மாவுக்குத்தான் வழக்கம்போல முழங்கால், முதுகு, அப்புறம் நான் என்று மூன்று வலிகள்.

போனில் பேசக் கூடாதா என்பாய். போனில் என்றால், ‘அப்பா, லேப்ல கூப்பிடறாங்க’ என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

டிரைவிங் ஸ்கூலின் கடைசிக் காரையும் விற்றாகிவிட்டது. முன்சீட்டை மட்டும் கழற்றி வீட்டுப் பின்பக்கம் போட்டிருக்கிறேன். காலையில் அதில் உட்கார்ந்துதான் டீ. எத்தனை பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்திருப்பேன்! என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எவனும் ஒழுங்காகக் கற்க மாட்டான். அதனால் முதல் நாளே, ‘என் பக்கத்து பிரேக் பிடிக்காது’ என்று சொல்லிவிடுவேன். பயத்தில் தானாக வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருக்கிறேன். நீங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது போவோமே, அதே ஆறு. தம்பியும் மருமகளும் வருகிறார்கள். நீயும் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. நினைவிருக்கிறதா, உன் தம்பிக்கு நீச்சல் வரட்டும் என்று படகிலிருந்து தூக்கிப் போட்டேனே! ‘அப்பா’ என்று வாயைத் திறந்தான். ‘அப்’ வெளியே வந்தது, ‘பா’ தண்ணீரோடு உள்ளே போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் ‘பா’வைத் தேடிக்கொண்டுதானே பேசுகிறான். எப்படிச் சிரித்தோம் அன்றைக்கு!

பதில் போடு.

அப்பா

ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் பேரன் பட்டாணிக்குப் படித்துக் காட்டினேன், தம்பியைப் பற்றிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு. கார் சீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும் தாத்தாவை உடனே பார்க்க வேண்டும் என்று குதிக்கிறான்.

அவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டான். நான் தெரியாமல் துணியோடு துவைத்துவிட்டேன். ‘நீ என் பல்லைத் துவைச்சிட்டே’ என்று நாள் முழுக்கச் சண்டை. அவன் அப்பா கப்பலிலிருந்து கூப்பிட்டபோது முதல் புகாரே அதுதான். ‘உங்க அம்மா பல்லையாவது துவைக்கிறா. இங்க என் சமையலறையில ஒருத்தனும் கையைக்கூடக் கழுவ மாட்டேங்கிறான்’ என்றார் அவர். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

எனக்கு லீவு கிடைக்காது. லேபில் புது இயந்திரங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. பட்டாணியை மட்டும் தம்பியோடு அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம். தலைக்குக் குளிக்க வைக்கவே அவன் கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு நான் பாட வேண்டும். கரையில் விளையாடட்டும், ஆற்றில் இறக்க வேண்டாம். தம்பி கதையையும் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும்போது தம்பி சிரிப்பான். ஆனால் அன்றைக்கு அவன் சாப்பிட மாட்டான். நான் பார்த்திருக்கிறேன்.

உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன், அப்பா.

உங்கள் மகள்

ஏப்ரல் 27, ஆற்றங்கரை

அன்பு மகளுக்கு,

நீ வராதது உனக்குத்தான் நஷ்டம். வீடு சின்னதுதான், ஆனால் பலகை போட்ட தாழ்வாரம் தண்ணீர் வரைக்கும் நீண்டிருக்கிறது. விடிந்தால் பறவைச் சத்தம். மத்தியானம் சீட்டாட்டம். நான் கள்ளாட்டம் ஆடுவேன், உன் அம்மாவுக்குத் தெரியும், வாயைத் திறக்க மாட்டாள். நல்ல குடும்பம் என்றால் அதுதானே! உன் மகன் வழவழவென்று கூழாங்கல் பொறுக்கி வந்து ஜன்னல் திட்டில் அடுக்குகிறான், பெரியது, சின்னது, அதைவிடச் சின்னது என்று.

ஒரு நாள் தூண்டில் போட்டோம். மீன் மாட்டியதும், ‘அதுக்கு வலிக்கும் தாத்தா’ என்று அழுதான். ஆண்பிள்ளை! அந்த அழுகைதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ பொத்திப் பொத்தி வளர்த்துத் தொட்டாச்சிணுங்கி ஆக்கி வைத்திருக்கிறாய்.

கோபப்படாமல் படி. நேற்று அவனைப் படகில் கூட்டிப் போனேன். நடு ஆற்றில் யானை முதுகு போல ஒரு பாறை. அதில் இறக்கிவிட்டு, ‘தைரியம் வந்ததும் நடந்து வா’ என்று நான் மட்டும் கரைக்கு வந்துவிட்டேன். ஆழமே இல்லை. ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பயல் அழவே இல்லை. கொக்கு மாதிரி நின்றான். நான் கைதட்டினேன். உன் அம்மாவும் சிரித்தாள், பிறகு எண்ணெய் காய்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

உன் தம்பிதான் கூத்தடித்தான். ‘போ... போதும்ப்பா’ என்று தண்ணீரில் இறங்கினான். இடுப்புவரை வந்ததும் நின்றுவிட்டான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பாறையில் ஒரு கொக்கு, தண்ணீரில் ஒரு கொக்கு! அங்கேயே நின்றபடி, தன் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து, ‘நீங்கல்லாம் ஒரு ம... ம... மனுஷனா’ என்றான். அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கலாம். சாயங்கால பஸ்ஸிலேயே இருவரும் கிளம்பிவிட்டார்கள். பெற்ற தகப்பனைக் கேட்கிற கேள்வியா அது? நீ அவனுக்குப் புத்தி சொல்.

பேரன் நன்றாக இருக்கிறான். நான் படகோடு போனதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டவன் விடவே இல்லை. சாப்பாடும் என் மடியில், தூக்கமும் என் மடியில். வியாழக்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அப்பா

மே 9

அப்பா,

வியாழக்கிழமை நீங்கள் வாசலோடு திரும்பிப் போனது நல்லதாகப் போயிற்று. எனக்கு அப்போது பாறை மட்டும்தான் தெரியும்.

ஒரு சிகரெட் நேரம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் மீனைச் சாப்பிட்டுக் கை கழுவி முடிக்கும்வரை என்கிறான் தம்பி. துடுப்பை உங்கள் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தீர்களாம். பாறையைச் சுற்றி ஆளை முழுங்கும் ஆழம் என்கிறான். அம்மாவைப் போனில் கேட்டேன். ‘அவன் பங்கு மீனைத் தனியா எடுத்துத்தாம்மா வச்சிருந்தேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். நம் வீட்டில் விழுங்கிப் பழகியவள்தானே.

பட்டாணி என்னை ‘நீங்க’ என்கிறான், அப்பா. வந்த நாளிலிருந்து ‘சரிங்கம்மா’, ‘தண்ணி குடிக்கட்டுமாம்மா’. பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசுவதுபோல. முதலில் நீங்கள் மரியாதை சொல்லிக் கொடுத்தீர்கள் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்க வைத்தேன். துண்டு வேண்டாம் என்றான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை வாங்கிக்கொண்டான். நடுங்கினான், வாயைத் திறக்கவில்லை. கடைசியில், ‘நான் நல்லாக் குளிச்சேன்ல? இனிமே என்னை விட்டுட்டு வரச் சொல்ல மாட்டீங்கல்ல?’ என்று கேட்டான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. பாறையிலிருந்து அவனைப் படகில் தூக்கி வைக்கும்போது நீங்கள் சொன்னீர்களாம்: ‘உங்க அம்மாதான் இருட்டற வரைக்கும் இங்க விடச் சொன்னா. தாத்தாவுக்கு மனசு கேக்கல. அவளுக்குத் தெரியாம வந்துட்டேன்.’

இல்லடா கண்ணா, அம்மா சொல்லவே இல்லை என்றேன். ‘சரிங்கம்மா’ என்று தலையாட்டினான். அவன் அப்பா கப்பலிலிருந்து சொன்னார். அதற்கும் ‘சரிங்கப்பா’. எங்களைச் சமாதானப்படுத்துகிறான், அப்பா. ஏழு வயதுப் பிள்ளை.

அவன் நம்புவது உங்களைத்தான். அவனுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அம்மா சொல்லவில்லை, தாத்தா சும்மா சொன்னேன் என்று. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மகள்

மே 15

அன்பு மகளுக்கு,

ஒரு சின்னப் பொய்க்கு இத்தனை பெரிய வழக்கா? நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள், வீணாக ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

நான் சொல்வதையும் கேள். நான்தான் விட்டேன் என்று தெரிந்தால் பயல் என் பக்கம் திரும்பிப் பார்ப்பானா? நீ அம்மா. அம்மா மேல் பிள்ளைக்குக் கோபம் எத்தனை நாள் நிற்கும்? பாரத்தைத் தாங்குகிறவள் தோளில்தானே வைக்க முடியும். இதையெல்லாம் நீ பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதித் தர மாட்டேன். எழுதியது நாளைக்கு ஊர் பூராவும் போகும். நேரில் சொல்கிறேன். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். உன் தம்பியும் வரட்டும். பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கட்டும், தன் மனைவியை வைத்துக்கொண்டே. அது முடிந்ததும் பேரனை மடியில் வைத்து நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கையால் கொடு, ஒரு கையால் வாங்கு.

உன் அம்மா இப்போதே தலையணை உறைகளைத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

அப்பா

மே 21

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். தம்பியிடம் கேட்கவே எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டேன். ‘ப... பட்டாணிக்காக வர்றேன்க்கா’ என்றான்.

அவனை அதிகம் நிற்க வைக்காதீர்கள். பட்டாணியிடம் சொல்லிவிடுங்கள், அது போதும். என்ன சொல்ல வேண்டுமோ அந்த வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருக்கிறேன். ‘அம்மா அப்படிச் சொல்லவே இல்ல.’ அவ்வளவுதான்.

உங்கள் மகள்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

எத்தனை வருஷம் கழித்து வீடு வீடாக இருந்தது! பத்துத் தட்டுக்கு மேல் கழுவினேன் என்று உன் அம்மா புலம்புகிறாள், புலம்பும்போதே பாட்டு வருகிறது. மருமகள் கைப்பக்குவம் தேறிவிட்டது. கூடத்தில் எல்லோரும் கால் நீட்டிப் படுத்திருந்தோமே, அப்போது எடுத்த படத்தைப் பெரிது பண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தம்பி மன்னிப்புக் கேட்டதில் எனக்குத் திருப்தி. முதல் தடவை ‘ம’விலேயே வண்டி நின்றுவிட்டது. அதனால்தான் இன்னொரு தடவை தெளிவாகச் சொல்லச் சொன்னேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் கவனித்தேன். அவன் நல்லதுக்குத்தான்.

நீ கிளம்பும்போது ‘சொல்லிட்டீங்களாப்பா’ என்று கேட்டாய். நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போனதும் உனக்குத் தெரிந்திருக்கும். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

அவனாகத்தான் வந்தான். என் மடியில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, ‘தாத்தா, அம்மா நிஜமாவே சொன்னாங்களா?’ என்று கேட்டான். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் இறங்கிப் போய்விடுவான் என்று தெரிந்தது. என் மடிக்குத் தானாக வந்து உட்கார்கிறவன் இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான். உன் தம்பி வந்ததில்லை. நீ வந்ததாகவும் எனக்கு நினைவில்லை. ‘ஆமாண்டா, அம்மா பாவம், தெரியாமச் சொல்லிட்டா’ என்று சொல்லிவிட்டேன். உன்னை விட்டுக்கொடுக்காமல்தான் சொன்னேன்.

நீ பொறுத்துக்கொள்வாய். சின்ன வயதிலிருந்தே பொறுமைசாலி. அடுத்த விடுமுறைக்கு அவனை என்னிடம் அனுப்பு. நீ அனுப்பாவிட்டாலும் அவனே கேட்பான், பார்.

அப்பா

ஜூன் 13

அப்பாவுக்கு,

அவன் கேட்டான். நீங்கள் சொன்னது சரி. கார் ஏறியதுமே, ‘லீவுக்குத் தாத்தாகிட்டப் போகட்டுமாங்கம்மா?’ என்றான்.

ஒரு வாரம் யோசித்தேன். உங்களை விட்டால் இதை அவிழ்க்க ஆளில்லை என்று நானும் உங்களைப் போலவே நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் அவனுடைய பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து நாடாவைக் கோத்துக்கொண்டிருந்தான். ‘பட்டாணி, அன்னைக்கு அம்மாதான் தாத்தாகிட்டச் சொன்னேன். உன்னைப் பாறையில விடச் சொன்னது நான்தான். பெரிய தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு’ என்றேன்.

நாடாவைக் கீழே போட்டான். என்னையே பார்த்தான். பிறகு கத்தினான், அப்பா. ‘ஏன் சொன்னே? நீ ஏன் சொன்னே?’

நீ என்றான்.

கையில் கிடைத்த பாலிஷ் பிரஷ்ஷால் அடித்தான். தோளில், கையில், மாறி மாறி. அடிக்கட்டும் என்று இருந்தேன். பாறையில் அழாத அழுகையை எல்லாம் அழுதான். மூச்சு வாங்கியது, மூக்கு ஒழுகியது, என் சட்டையெல்லாம் கறுப்பு. கடைசியில் என் மடியில் சரிந்து, ‘இனிமே சொல்லாதே’ என்றான். ‘சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுத்தேன். சற்று நேரம் கழித்து, ‘பசிக்குது, முட்டை போட்டுத் தா’ என்றான்.

அவன் மன்னித்துவிட்டான். நான் செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிவிட்டேன். இனி உங்களிடமிருந்து எனக்கு வேண்டிய வார்த்தை எதுவும் இல்லை.

தம்பியிடம் பேசிவிட்டேன். அவனும் வர மாட்டான். அம்மா வந்தால் அவளுக்கு இங்கே ஒரு அறை இருக்கிறது. இப்போதே வர வேண்டும் என்றில்லை. உங்கள் கடிதங்கள் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

பட்டாணியிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்ல மாட்டேன். அவனுக்கு நீங்கள் நல்ல தாத்தாவாகவே இருங்கள், அவன் உங்களை மறக்கும்வரை. சின்னப் பிள்ளை. ரொம்ப நாள் ஆகாது.

மகள்